கேட்பவருக்குச் சாவி இல்லை

முள்: சாவியைக் கொடுங்கண்ணே.

அண்ணன்: முதல்ல உள்ள வா. மூணு மாடி ஏறி வந்திருக்க. கொஞ்சம் மூச்சு வாங்கிக்க...

முள்: சாவியை வாங்கிட்டு அப்புறம் மூச்சு வாங்கிக்கறேன்.

அண்ணன்: டீச்சர்! நம்ம முள் வந்திருக்கா. ரெண்டு டீ. ஒண்ணுல சர்க்கரை தூக்கலா போடு, பொண்ணு கோபமா வந்திருக்கா.

டீச்சர்: அது என்னிக்குக் கோபமில்லாம வந்துச்சு? வாம்மா முள். அந்த நாற்காலியில மட்டும் உட்காராதே, ஒரு கால் ஆடும். உங்க அண்ணன் மூணு வருஷமா அதைச் சரி பண்ணிட்டே இருக்காரு.

முள்: நான் நிக்கறேன் டீச்சர். இருந்து பேச வரல.

அண்ணன்: எந்தச் சாவி? ஸ்கூட்டர் சாவியா?

முள்: விளையாடாதீங்க. நம்ம இணைய முகவரியோட சாவி. வாங் புள்ளி க.

அண்ணன்: ஓ...

முள்: அதைப் பதிஞ்ச கணக்கு, அதுக்குள்ள போற கடவுச்சொல். ரெண்டும் வேணும்.

அண்ணன்: முள்ளு... நாலு வருஷமா குழுவுல இருக்க. முதல் விதி என்ன?

முள்: தெரியும்.

அண்ணன்: சொல்லு பார்ப்போம்.

முள்: 'சாவி கேட்பவருக்குச் சாவி இல்லை.'

அண்ணன்: எழுதினது யாரு?

முள்: நீங்க.

அண்ணன்: ஏன் எழுதினேன்?

முள்: கொடுக்க மனசில்லாம.

அண்ணன்: தப்பு! அதிகாரங்கிறது கேட்டு வாங்கறதில்ல. உழைக்கிறவங்களைத் தேடிக்கிட்டு அதுவா வரும்.

முள்: நாலு வருஷமா வந்துக்கிட்டே இருக்கா? நடந்து வருதா, பஸ்ல வருதா?

டீச்சர்: ஹா... அடுப்படி வரைக்கும் கேக்குது. நல்லா கேளு.

அண்ணன்: நீ டீயைப் பாரு.

முள்: வீட்டுலயும் இதைத்தான் சொல்றாங்கண்ணே. 'பெரியவங்ககிட்ட எதையும் கேட்டு வாங்காதே, கொடுத்தா வாங்கிக்கோ, கொடுக்கலேன்னா சிரிச்சுட்டு வந்துடு'ன்னு எங்கம்மா. படிக்காத எங்கம்மா சொல்றதும் இத்தனை படிச்ச நீங்க சொல்றதும் ஒண்ணா இருக்கு பாருங்க. எனக்கு அங்கதான் சந்தேகமே வந்துச்சு.

அண்ணன்: உங்கம்மா அனுபவத்துல சொல்றாங்க.

முள்: ஆமா, எதுவும் கிடைக்காத அனுபவம்.

அண்ணன்: சரி... இப்ப என்ன அவசரம்? யாரு உன்னைக் கிளப்பி விட்டது?

முள்: போன வாரம் நேர்காணலுக்குப் போனேன். பெரிய கம்பெனி. 'காசு வாங்காம ஏதாவது செஞ்சிருக்கியா'ன்னு கேட்டாங்க. நெஞ்சை நிமித்திச் சொன்னேன். ஆஸ்பத்திரியில வரிசையில நிக்காம உட்கார்ந்திருந்தா, நம்பர் சொல்லிக் கூப்பிடற பலகைக்கு மென்பொருள் செய்யறோம், நூத்திநாப்பது சின்ன ஆஸ்பத்திரியில ஓடுது, யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்தலாம்னு.

அண்ணன்: அருமை! இதைத்தான் நான் எல்லா மேடையிலயும் சொல்றேன்...

முள்: முடிக்கலண்ணே. அந்த மேடம் அங்கேயே போனை எடுத்து, வாங் புள்ளி க-ன்னு அடிச்சு, முதல் பக்கத்தைத் திறந்தாங்க. என்ன இருந்துச்சு சொல்லுங்க.

அண்ணன்: நம்ம சின்னம். பச்சையா, வட்டமா...

முள்: அதுக்குக் கீழ?

அண்ணன்: 'நிறுவனர்...' என் பேரு.

முள்: அதுக்கும் கீழ?

அண்ணன்: 'மற்றும் நண்பர்கள்.'

முள்: 'இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க'ன்னு கேட்டாங்க. நான் 'மற்றும்'ல இருக்கேன்னு சொன்னேன்.

டீச்சர்: அடக் கடவுளே.

முள்: சிரிச்சாங்க டீச்சர். பொய் சொல்றேன்னு நினைச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு 'வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்'னு ஒரு கடிதம். எங்க வீட்டுலயே முதல்ல காலேஜ் போனவ நான். அந்த நாலு வருஷத்துக்குக் காட்ட ஒரு சான்றிதழ் இருக்கு. அதுக்கப்புறம் இங்க உட்கார்ந்த நாலு வருஷத்துக்குக் காட்ட ஒண்ணுமே இல்ல.

அண்ணன்: அதுக்கென்ன, பேரைச் சேர்த்துட்டாப் போச்சு. அடுத்த கூட்டத்துல வெச்சு...

முள்: கூட்டமா! போன கூட்டம் எதுக்குப் போட்டீங்க?

அண்ணன்: பொத்தானோட நிறத்துக்கு.

முள்: பச்சையா நீலமான்னு பதினோரு வாரம்! அறுபது பேர் இருக்கற குழு, அம்பத்தெட்டு பேருக்கு நிறத்தைப் பத்தி கருத்து இருந்துச்சு. அதே பதினோரு வாரம், பதினேழாம் நம்பருக்கு அப்புறம் பலகை எழுபத்தொண்ணுக்குத் தாவுதுன்னு ஒரு கம்பவுண்டர் தினம் எழுதிக்கிட்டிருந்தாரு. அவருக்கு யாரு பதில் போட்டது?

அண்ணன்: நீதான்...

முள்: நீலத்துக்காரங்க என்ன ஆனாங்க?

அண்ணன்: கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சு போயித் தனிக் குழு ஆரம்பிச்சாங்க.

முள்: அதுல எத்தனை பேரு?

அண்ணன்: அஞ்சு பேரு. அப்புறம் அதுவும் ரெண்டாச்சு... வெளிர் நீலம், கரு நீலம்.

டீச்சர்: எங்க பள்ளிக்கூடத்துல ஆறாங்கிளாஸ் பசங்க இதைவிடப் பக்குவமா சண்டை போடுவாங்க. இந்தாம்மா டீ. ஏங்க, உங்களுக்கும்தான். ஆறிடும், குடிங்க.

அண்ணன்: அது சண்டை இல்ல டீச்சர், ஜனநாயகம். கட்டற்ற மென்பொருள்னா அப்படித்தான்.

முள்: பேரு மட்டும் கட்டற்ற மென்பொருள். சாவி உங்க இடுப்புல.

அண்ணன்: யாராவது ஒருத்தர் காவல் காக்க வேண்டாமா? நாளைக்கே அந்த முகவரி தப்பான கைக்குப் போயிட்டா என்ன ஆகும் தெரியுமா?

முள்: நீங்களே சொல்லுங்க.

அண்ணன்: நூத்திநாப்பது ஆஸ்பத்திரியிலயும் பலகை பொசுக்குன்னு அணைஞ்சிடும். ஒவ்வொரு பலகையும் காலையில எழுந்ததும் அந்த முகவரியைத்தான் போய்த் தட்டுது. கதவு திறக்கலேன்னா, அவ்வளவுதான். காய்ச்சல்காரனும் கர்ப்பிணியும் பழையபடி கால் கடுக்க நிக்கணும்.

முள்: அதைத்தான் நானும் சொல்றேன். அவ்வளவு பெரிய சமாச்சாரம் ஒரே ஒருத்தர் கையில இருக்கலாமா? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?

டீச்சர்: எனக்கும் அந்தக் கவலை உண்டு. எனக்குக் கரண்ட் பில் எங்க கட்டறதுன்னே தெரியாது.

அண்ணன்: எனக்கு ஒண்ணும் ஆகாது!

முள்: போன மாசமே குழுவுல கேட்டேன். 'அண்ணே, முகவரியோட கெடு முடியற நேரமாச்சே, புதுப்பிச்சாச்சா'ன்னு. மூணு தடவை கேட்டேன். ரெண்டு தடவை கட்டை விரல் படம் போட்டீங்க. மூணாவது தடவை...

அண்ணன்: 'எல்லாம் பத்திரம்'னு எழுதினேன்.

முள்: பத்திரமா?

அண்ணன்: பத்திரம்... தான். பின்ன? இப்ப ஓடுதா இல்லையா? பலகையெல்லாம் எரியுதா இல்லையா?

முள்: எரியுது.

அண்ணன்: அப்புறம் என்ன!

டீச்சர்: ஏங்க, நடுவுல ஒண்ணு. அந்த ஐயாகிட்டேர்ந்து பதில் வந்துச்சான்னு பார்க்கச் சொன்னீங்களே, பார்த்துட்டேன். இன்னிக்கும் வரல.

அண்ணன்: எந்த ஐ... ஆங். ஆங்! பிளம்பர். பிளம்பர் ஐயா.

டீச்சர்: பிளம்பரா?

அண்ணன்: குழாய் ஒழுகுதில்ல... அதுக்கு.

முள்: பிளம்பருக்கா மெயில் போட்டீங்க?

அண்ணன்: படிச்ச பிளம்பர்.

முள்: என்னன்னு எழுதினீங்க?

அண்ணன்: ஒழுகுதுன்னுதான்... வேற என்ன எழுதுவாங்க.

முள்: ஐயா மனசு இரங்குவாரா?

அண்ணன்: இரங்குவாரு. நல்லவராத்தான் தெரியுது. இத்தனை நாள் தண்ணியை நிறுத்தாம விட்டிருக்காரே.

டீச்சர்: பிளம்பர் எதுக்குங்க தண்ணியை...

அண்ணன்: டீச்சர், அந்த விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கு. திங்கட்கிழமை கொடுக்கணும்னியே.

டீச்சர்: திருத்திட்டுத்தான் இருக்கேன். பொய் எழுதின பக்கத்துக்கு மார்க் குறைச்சுக்கிட்டு.

முள்: ஏண்ணே, பதில் எதுக்கு டீச்சரோட மெயிலுக்கு வருது? உங்களுக்குன்னு ஒண்ணு இருக்குமே. பெருமையா அட்டையில அச்சடிச்சு வெச்சிருந்தீங்க. அண்ணன் அட் வாங் புள்ளி க.

டீச்சர்: அதுதான் ஒரு மாசமா செத்துக் கிடக்கே. எல்லாம் என்னோடதுக்குத்தான் வருது. நூலகத்துல புத்தகம் திருப்பித் தரலேன்னு வந்ததுகூட.

அண்ணன்: சாகல. பராமரிப்பு! பராமரிப்புல இருக்கு.

முள்: ஓ... சரி, ஒரு சந்தேகம் தீர்த்து வைங்க. முகவரியைப் பதியும்போது, தொடர்புக்குன்னு ஒரு மெயில் கேப்பாங்களே. அங்க என்ன கொடுத்தீங்க?

அண்ணன்: அதேதான். அண்ணன் அட் வாங் புள்ளி க. பொருத்தமா இருக்கணுமில்ல! யாராவது பார்த்தா 'அடடா'ன்னு சொல்லணும்.

முள்: அப்ப, முகவரிக்குக் கெடு முடியுதுன்னு எச்சரிக்கை வந்தா எங்க வரும்?

அண்ணன்: அங்கதான்.

முள்: அந்த எச்சரிக்கையைப் பார்க்காம விட்டுட்டா முகவரி என்ன ஆகும்?

அண்ணன்: அது... நின்னு போகும்.

முள்: முகவரி நின்னா அந்த மெயில்?

அண்ணன்: அதுவும்... நிக்கும்.

முள்: அப்ப 'ஐயோ போச்சே, கணக்கைத் திறந்து விடுங்க'ன்னு கேட்டா, மீட்கிற கடிதம் எங்க வரும்?

அண்ணன்: ...அங்கதான்.

டீச்சர்: சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாவிக்காரனை வீட்டுக்குள்ள போய்க் கூப்பிட்ட கதையா இருக்கே!

அண்ணன்: அதெல்லாம் நடந்தாத்தானே? ஒரு பேச்சுக்குக் கேட்டா! நடக்கல இல்ல!

முள்: ஒரு பேச்சுக்குத்தாண்ணே கேட்டேன். ஏன் வேர்க்குது?

அண்ணன்: டீ சூடா இருக்கு.

டீச்சர்: நீங்க இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கல.

முள்: அண்ணே, அந்தச் சிவப்பு நோட்டைக் கொண்டாங்க. எல்லா முகவரியும் அதுலதானே எழுதி வெச்சிருக்கீங்க?

அண்ணன்: அது அலமாரியில இருக்கு. அலமாரி சிக்கிக்கிச்சு. மழைக்கு மரம் ஊதி...

டீச்சர்: இரும்பு அலமாரி. திறந்தேதான் இருக்கு. இந்தாம்மா நோட்டு.

அண்ணன்: டீச்சர்!

டீச்சர்: என்ன டீச்சர்? வாரத்துல ஏழு நாள் உழைக்கற பொண்ணு கேக்குது.

அண்ணன்: தொடாதே! நானே படிக்கறேன். மொத்தம் அறுபத்தொண்ணு முகவரி. ஒண்ணொண்ணும் ஒரு முத்து. கேளு... வே புள்ளி லை. வேலை தேடறவங்களுக்கு.

முள்: திறந்தா என்ன வரும்?

அண்ணன்: 'விரைவில்.'

முள்: ம்.

அண்ணன்: சண் புள்ளி டை. தகராறு தீர்க்கற தளம். எப்படி! புள்ளிக்கு அப்புறம் வர்ற வால் இருக்கே, 'டை', அது ஏதோ ஒரு தீவு நாட்டுக்குன்னு ஒதுக்கின வால். அந்தத் தீவுல மொத்தமே மூவாயிரம் பேருதான். அவங்களுக்கே தெரியாது, அவங்க வாலை நம்ம மொழி இப்படிப் பிடிச்சு ஆட்டும்னு.

முள்: அதைத் திறந்தா?

அண்ணன்: 'விரைவில்.'

டீச்சர்: ஆறு வருஷமா விரைவில்.

அண்ணன்: அம் புள்ளி மா. இது மட்டும் என் உயிரு.

முள்: அது எதுக்கு?

அண்ணன்: இன்னும் முடிவு பண்ணல. ஆனா பேரைப் பாரு! பேரு கிடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முள்: அந்த மீதிப் பாதிதாண்ணே நான். எல்லாருமே பேர் வைக்கத்தான் வர்றாங்க, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு ஆளு கிடையாது. இன்னொண்ணு சொல்லட்டுமா? அந்த வாங் புள்ளி க-வை எந்தக் கம்பவுண்டராலயும் ஒழுங்கா அடிக்க முடியல. பாதிப் பேரு புள்ளியை விட்டுட்டு அடிச்சு, மெத்தை விக்கற கடைக்குப் போறாங்க. ஒருத்தர் மெத்தையே வாங்கிட்டாரு!

டீச்சர்: நல்ல மெத்தையா?

முள்: நல்லா இருக்காம். பலகை மாட்டி முடிச்சதும் அதுல படுத்துத் தூங்கினாராம்.

அண்ணன்: ஒரு கண்டுபிடிப்பு முதல்ல அப்படித்தான் இருக்கும். ஆனா 'பதினேழாம் நம்பர், உள்ள வாங்க'ன்னு பலகை கூப்பிடும்போது, முகவரியும் வாங்கன்னே இருக்கு பாரு... உடம்பு சிலிர்க்கல உனக்கு?

முள்: அந்தக் குரல் யாரோடது?

அண்ணன்: ...உன்னோடது.

முள்: எங்கப்பா மூட்டை தூக்கறவரு. இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு போன மாசம் ஆஸ்பத்திரி போனாரு. 'இருபத்திரெண்டாம் நம்பர், உள்ள வாங்க'ன்னு நான் கூப்பிட்டதும் எழுந்து நின்னுட்டாரு. அவரு நம்பர் நாப்பது. நர்ஸ் உட்காரச் சொன்னா, 'எம்பொண்ணு கூப்பிடறா'ங்கிறாரு. யாரும் நம்பல. சுவத்துல ஒட்டியிருக்கற காகிதத்துல உங்க பேருதான் இருக்கு.

அண்ணன்: முள்ளு...

முள்: வீட்டுக்கு வந்து கேட்டாரு. 'சம்பளம் இல்ல, பேரு இல்ல, ஞாயித்துக்கிழமை லீவுமில்ல. என்ன வேலை கண்ணு இது?'

டீச்சர்: அப்படியே எழுதிச் சுவத்துல மாட்டலாம்.

முள்: அதனால கேக்கறேன். வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். சாவியைக் கொடுங்க. கொடுக்க முடியாட்டி ஏன் முடியலன்னு உண்மையைச் சொல்லுங்க. அது போதும் எனக்கு.

அண்ணன்: உண்மையா... உண்மை என்னன்னா, நீ இன்னும் பக்குவப்படணும்.

முள்: இதானா உண்மை?

அண்ணன்: சாவிங்கிறது பெரிய பாரம். ராத்திரி பகலாப் பார்த்துக்கணும். கண் அசந்தா போச்சு. எத்தனை கெடு, எத்தனை எச்சரிக்கை... உன்னை மாதிரிச் சின்னப் பொண்ணு தலையில அதை ஏத்த எனக்கு மனசு வரல.

முள்: உங்க தலையில பத்திரமா இருக்கா அந்தப் பாரம்?

அண்ணன்: இருக்கு.

முள்: சரி. கொடுக்க வேணாம். காட்டுங்க. நோட்டைப் பார்த்து உள்ள போங்க. நான் சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கறேன். உள்ள போனதும் 'போயிட்டேன்'னு ஒரு குரல் கொடுங்க. நான் படியிறங்கிடறேன்.

அண்ணன்: இப்பவா? நெட் இல்ல.

டீச்சர்: நெட் இல்லையா? அப்ப அடுப்படியில என் போன்ல ஓடற பாட்டு ஆவியிலயா வருது?

அண்ணன்: அந்த நெட் வேற...

முள்: என் போன்லயும் இருக்கு. இந்தாங்க.

அண்ணன்: அடுத்தவங்க போன்ல கடவுச்சொல் அடிக்கக் கூடாது. பாதுகாப்பு விதி.

முள்: அது எத்தனையாவது விதி?

அண்ணன்: இப்ப சேர்த்தது.

முள்: அண்ணே... கடைசியா ஒரு தடவை கேக்கறேன். சாவி உங்ககிட்ட இருக்கா?

அண்ணன்: என்ன கேள்வி இது?

முள்: இருக்கா, இல்லையா?

அண்ணன்: இந்த உலகத்துல யாரு கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், என் உயிர் இருக்கற வரைக்கும் அதை யாருக்கும் தர மாட்டேன்!

டீச்சர்: அவ கேட்டது அதில்லையே. கேள்வியைப் படிக்காம பதில் எழுதறீங்க.

முள்: விடுங்க டீச்சர். டீ நல்லா இருந்துச்சு. வர்றேன்.

அண்ணன்: முள்ளு, கோவிச்சுக்கிட்டுப் போகாதே. நேரம் வரும்போது நானே...

முள்: 'மதிப்பிற்குரிய ஐயா.'

அண்ணன்: என்னது?

முள்: 'தாங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என் அசட்டையால் கெடு முடிந்த வாங் புள்ளி க என்ற முகவரியைத் தாங்கள் வாங்கியிருப்பதாக அறிகிறேன்.'

டீச்சர்: ஏங்க! இது நான் பிழை திருத்தித் தந்த கடிதமாச்சே. 'அசட்டை'ங்கிற வார்த்தையைப் போட்டதே நான்தானே!

அண்ணன்: அது... அது பிளம்பருக்கு...

முள்: 'தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அதை அணைத்துவிடாதீர்கள். நூற்றிநாற்பது ஆஸ்பத்திரிகள் அதை நம்பி இருக்கின்றன. அதில் நான் செய்தது பெயர் வைத்தது மட்டும்.'

அண்ணன்: நிறுத்து முள்ளு.

முள்: 'நிரலில் நூறு வரிக்குத் தொண்ணூற்றேழு வரி எழுதியவள் ஒரு பெண்.' அங்க என் பேரை எழுதியிருந்தீங்கண்ணே. முள்ளுன்னு இல்ல. சொந்தப் பேரு, அப்பா பேரோட, முதலெழுத்துகூடத் தப்பில்லாம. அது உங்களுக்குத் தெரியும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அண்ணன்: போதும்மா, விடு.

முள்: 'இதை அவளிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொன்னால் தன் மதிப்பு தெரிந்து போய்விடுவாளோ என்று பயம்.' பத்து நாளா இதைப் படிச்சுக்கிட்டிருக்கேன். பஸ்ல, வேலையில, சாப்பிடும்போது. மனப்பாடம் ஆயிடுச்சு.

அண்ணன்: அப்ப... அந்த ஐயா...

முள்: நான்தாண்ணே.

டீச்சர்: அடி என் ராஜாத்தி!

முள்: நீங்க 'எல்லாம் பத்திரம்'னு எழுதின அன்னிக்குக் காலையில முகவரி சந்தைக்கு வந்துடுச்சு. ஆறு மணி பஸ்ல நின்னுக்கிட்டே வாங்கினேன். அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா மெத்தைக் கடைக்காரரு வாங்கியிருப்பாரு.

அண்ணன்: உன் கையிலயே வெச்சுக்கிட்டு... என்கிட்ட இல்லாத சாவியை எதுக்கு முக்கால் மணி நேரமா கேட்டே?

முள்: உங்ககிட்ட இல்லாத சாவியை நீங்க எதுக்கு முக்கால் மணி நேரமா தர மாட்டேன்னீங்க?

டீச்சர்: இதுக்கு முழு மார்க்.

அண்ணன்: முள்ளு... நான்... அந்த முகவரி... எனக்கு...

முள்: கேட்காதீங்கண்ணே. கேட்டா விதிப்படி கிடையாது. ஏற்கெனவே ஐயாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டீங்க.

அண்ணன்: அப்ப போயிடப் போறியா? நீலத்துக்காரங்க மாதிரி?

முள்: எங்க போறது, சாவி என்கிட்ட இருக்கும்போது? காலையிலேயே எல்லாம் முடிச்சுட்டுத்தான் படியேறினேன். மூணு சாவி செஞ்சிருக்கேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அந்தக் கம்பவுண்டருக்கு.

அண்ணன்: மூணாவது?

முள்: டீச்சர் மெயில்லதான் எல்லாம் வருதாமே. அங்க அனுப்பியிருக்கேன். நல்லா நடந்துக்கிட்டா அவங்க காட்டுவாங்க.

டீச்சர்: விடைத்தாளுக்கு அடியில வெச்சுக்கறேன்.

முள்: புதன்கிழமை புதுப் பதிப்பு வருது. எழுபத்தொண்ணுக்குத் தாவற பிழை உங்க பேர்ல போட்டிருக்கு, செவ்வாய்க்கிழமைக்குள்ள முடிங்க.

அண்ணன்: நான் நிரல் எழுதி ஆறு வருஷம் ஆச்சும்மா...

முள்: 'விரைவில்'னு பலகை மட்டும் மாட்டிடாதீங்க. வர்றேன் டீச்சர்.

அண்ணன்: முள்ளு! ஒரு நிமிஷம்... படியில நில்லு! அந்தக் கடிதம்... அது நமக்குள்ள இருக்கட்டும். வேற யார்கிட்டயும் காட்டலியே?

முள்: முதல் பக்கத்துல 'மற்றும் நண்பர்கள்'ங்கறதை எடுத்துட்டேண்ணே, அந்த இடத்துல காலையிலேயே கடிதத்தைப் போட்டுட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா'வை மட்டும் வெட்டிட்டேன்.